உறவுச் சான்று கேட்டு வந்த கடிதம்: சிறுநீரக தானம் குறித்து ஒரு பங்கின் நிகழ்வு ஆய்வு

ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரியை ஒட்டி விசைத்தறி ஓடும் ஊர்களில் ஒன்றிலுள்ள கத்தோலிக்கப் பங்கில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் சமூகத்தைப் பங்கு என்பார்கள், அந்தக் குருவானவர் பங்குத்தந்தை) 2023 நவம்பர் முதல் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். இதேபோன்ற வேண்டுகோள் மற்றப் பங்குகளுக்கும் வரும் என்பதால்தான் எழுதுகிறேன். நான் அந்தப் பங்கின் நலவாழ்வுக் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர். இரு குடும்பத்தாரும் பங்குத்தந்தையும் எழுதச் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) பேசப்பட்டது எதுவும் இதில் இல்லை.

## பின்னணி

நோயாளிக்கு 43 வயது. நூல் வாங்கி விற்கும் சிறு கடை வைத்திருந்தவர், எங்கள் பங்கைச் சேர்ந்தவர். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டதால் குடிக்கும் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. காலையில் முக்கால் லிட்டரை ஒரு எவர்சில்வர் சொம்பில் அளந்து ஊற்றி வைத்துவிடுவார் மனைவி. மாத்திரைக்கும் காப்பிக்கும் ரசத்துக்கும் எல்லாம் அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் சொம்பு காலியாகிவிடும். பிறகு ஓர் ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் என்று அந்தக் குடும்பம் தவித்ததை, இந்தச் சொம்பைப் பார்த்த எவரும் பேராசை என்று சொல்லமாட்டார்கள்.

அவருடைய ரத்தப்பிரிவு பி. மனைவி ஏ. அம்மாவுக்கு வயதும் ஆகிவிட்டது, சர்க்கரையும் உண்டு. அண்ணன் வீட்டில் பேச்சு எடுத்ததுமே முடிந்துபோனது.

சிறுநீரகம் கொடுப்பதாக இருந்தவர் 34 வயதுப் பெண். இந்துக் குடும்பம், மகள் எங்கள் பங்குப் பள்ளியில் படித்தவள். கணவனும் மனைவியும் ஒரே பட்டறையில் தறி ஓட்டினார்கள். கணவருக்கு முதுகுத்தண்டில் அறுவை ஆனதும் ஒரு கூலி நின்றது. பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் 80,000 ரூபாய். கந்துவட்டிக்கு வாங்கியது ஒரு லட்சம். அது போதாதென்று மூன்று குழுக் கடன்கள், மூன்றுக்கும் வாரத் தவணை. சனிக்கிழமை கூலி வாங்கினால் திங்கட்கிழமை காலையில் குழுக்காரர்கள் வாசலில் நிற்பார்கள்.

## வேண்டுகோள்

2023 நவம்பர் 26, கிறிஸ்து அரசர் பெருவிழா ஞாயிறு. பூசை முடிந்ததும் நோயாளியின் மனைவி பங்குத்தந்தையிடம் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு குடும்பங்களும் பத்தாண்டுக்கு மேலாக உடன்பிறந்தோர் போலப் பழகுவதையும், பங்குத் திருவிழாக்களில் சேர்ந்து கலந்துகொள்வதையும் தாம் அறிவதாகவும், தானம் அன்பின் பேரில் மட்டுமே தரப்படுவதாகவும் பங்குத்தந்தை சான்று சொல்வதுபோல் அது எழுதப்பட்டிருந்தது. முத்திரை குத்தக் கீழே இடம் விட்டிருந்தார்கள். கூடவே மூன்று புகைப்படங்கள்.

“ஒரு கையெழுத்துத்தானுங் சாமி. அவரு போயிட்டா ரெண்டு பொம்பளப் புள்ளைகள வெச்சுக்கிட்டு நான் எங்கீங் போறது?”

இந்தக் கடிதம் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உயிரோடிருப்பவர் நெருங்கிய உறவினருக்கு உறுப்பு தரலாம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 2011 திருத்தம் தாத்தா பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. உறவு இல்லாதவர் பாசத்தின் காரணமாகத் தர விரும்பினால் அனுமதிக் குழுவின் முன் ஒப்புதல் தேவை. அந்தக் குழு இருவருக்குமுள்ள பழக்கத்துக்கு ஆதாரம் கேட்கும். மூன்று ஆண்டு வருமானம் பார்க்கும். இடைத்தரகர் உண்டா என்று விசாரிக்கும். பழைய புகைப்படமும் ஊர்ப் பெரியவர்களின் சான்றும் அங்கேதான் பயன்படும். ஒரு குருவானவரின் முத்திரைக்கு அங்கே மதிப்பு அதிகம் என்று இந்த ஏற்பாட்டின் பின்னாலிருந்த தரகருக்குத் தெரிந்திருக்கிறது.

பங்குத்தந்தை அங்கேயே மறுக்கவில்லை. ஒரு வாரம் கேட்டார். பங்கின் ஆலோசனைக் குழுவான பேரவையிலுள்ள வழக்கறிஞர் ஒருவரையும், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் தலைவரையும், என்னையும் அன்று மாலையே கூப்பிட்டார்.

## கவனித்தவை

முதலில் புகைப்படங்களைப் பார்த்தோம். மூன்றிலும் இரு குடும்பங்களும் மாதா கெபியின் முன் நிற்கின்றன. பின்பக்கம் 2016, 2018, 2021 என்று பேனாவால் எழுதியிருந்தது. 2016 படத்தில் நோயாளி அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். இடது முன்கையில் பிஸ்டுலா கயிறுபோல் புடைத்துத் தெரிந்தது. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் அறுவை அது. அவருக்கு அது நடந்தது 2023 மார்ச்சில். கட்டுப் பிரித்த நாளில் நானே பார்த்திருக்கிறேன். மூன்று படமும் ஒரே மதியத்தில் புடவை மாற்றி எடுத்தவை.

அடுத்த நாள் ஓர் அருட்சகோதரியும் நானும் அந்தப் பெண்ணின் லைன் வீட்டுக்குப் போனோம். பக்கத்துப் பட்டறையில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் காதோடு காதாகத்தான் பேச முடிந்தது. அவர் தறிக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்தாமலே பேசினார். எதையும் மறைக்கவில்லை. பேச்சு ஐந்து லட்சம். ஒன்றரை லட்சம் அறுவைக்கு முன், மிச்சம் பின்னால். தரகர் அதே தெருவில் முன்பு தறி ஓட்டியவர், தன் சிறுநீரகத்தையும் விற்றவர். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, “நான் நல்லாத்தானே இருக்கறேன்” என்பாராம். பத்து நாள் ஓய்வு எடுத்தால் போதும், பழையபடி வேலைக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் எங்களிடம் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்:

“எனக்கு ரெண்டு இருக்குதுங்க்கா. ஒண்ணு போனா என்னாகிப்போகுது? அந்த அண்ணனும் பொழைச்சுக்குவாரு, என்ற கடனும் தீந்துரும். இதுல பாவம் எங்கீங்க வருது?”

நோயாளியையும் தனியாகச் சந்தித்தோம். பாசத்தில் ஒருவர் தருகிறார் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். சந்தேகம் அவருக்கும் இருந்திருக்கிறது, கேட்கத் துணியவில்லை. விவரம் தெரிந்ததும், “அந்தப் புள்ளையோட ஒடம்புல கத்தி வெச்சு நான் பொழைக்கோணுமா?” என்றார். ஆனால் ஜனவரியில், தசைப்பிடிப்போடு ஒரு மோசமான டயாலிசிஸ் முடிந்த இரவில், அவரே பங்குத்தந்தைக்குப் போன் செய்து, வேறு வழியே இல்லையா என்று மறுபடி கேட்டார். இரண்டையும் சேர்த்தே பதிகிறேன். முதலில் சொன்னதை மட்டும் எழுதினால் அவர் பட்ட பாடு மறைந்துவிடும்.

## பேரவையில் நடந்த விவாதம்

கையெழுத்துப் போடலாம் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். ஓய்வுநாளிலும் நோயாளிகளைக் குணமாக்கியவர் இயேசு. உயிர் பெரிதா, விதி பெரிதா என்றார் ஒருவர். “அந்தப் பொண்ணு நம்ம பங்கு ஆளுங்களா?” என்று இன்னொருவர் கேட்டார். பங்குத்தந்தையின் முகம் மாறிவிட்டது. மனித மாட்சிமைக்குத் திருமுழுக்குப் பதிவேடு பார்க்கிற வழக்கம் திருச்சபையில் இல்லை என்று மட்டும் சொன்னார்.

உறுப்பு தானத்தைத் திருச்சபை எதிர்க்கிறது என்று எங்கள் ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது சரியல்ல. தொடக்கத்தில் இறையியலாளரிடையே தயக்கம் இருந்தது உண்மைதான். உடலின் ஓர் உறுப்பை அந்த உடலின் நலனுக்காக மட்டுமே நீக்கலாம் என்ற பழைய கொள்கைப்படி, நலமாயிருப்பவரிடமிருந்து உறுப்பு எடுப்பது எப்படி முறையாகும் என்று கேட்டார்கள். 1954-இல் பாஸ்டனில் இரட்டையருக்குள் நடந்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதும் அந்தக் கேள்வி கூர்மையானது. பிறகு விடை தெளிந்தது: ஒரு சிறுநீரகம் போனால் உடலின் அமைப்பில் குறை வரும், செயல்பாட்டில் வராது, அப்படியானால் அன்பின் பேரில் தருவது தகும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2296-ஆம் பத்தியில், கொடுப்பவருக்கு வரக்கூடிய ஆபத்து பெறுபவருக்கு வரும் நன்மைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றும், தெளிவான சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995-இல் எழுதிய ‘வாழ்வின் நற்செய்தி’ உறுப்பு தானத்தை அன்றாட வாழ்வின் வீரச்செயல்களுள் ஒன்றாகப் போற்றுகிறது.

விலை விஷயத்தில் அதே திருத்தந்தை கண்டிப்பாகப் பேசினார். 2000 ஆகஸ்ட் 29 அன்று உறுப்பு மாற்று மருத்துவர்களின் உலக மாநாட்டில், உறுப்புகளை வணிகப் பொருளாக்கும் எந்த முறையும் அறநெறிப்படி ஏற்கத்தக்கதல்ல, அது உடலை வெறும் பொருளாக நடத்துகிறது என்றார்.

கடிதத்தைப் பொறுத்தவரை முடிவு கடினமாக இல்லை. பொய்ச் சான்று எட்டாவது கட்டளைக்கு எதிரானது. இந்தப் பொய் இல்லாவிட்டால் விற்பனை நடக்காது என்பதால், கையெழுத்திடுபவர் தூரத்தில் நிற்கும் சாட்சியாக இருக்க மாட்டார், அந்தச் செயலில் பங்காளியாகிவிடுவார். நன்மை விளைய வேண்டும் என்பதற்காகத் தீமை செய்யலாகாது என்று உரோமையருக்கு எழுதிய மடல் 3:8 சொல்வதைப் பங்குத்தந்தை வாசித்துக் காட்டினார். வழக்கறிஞர் சட்டத்தைச் சொன்னார். உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விற்பவரும் அதில் அடக்கம்.

கடினமாக இருந்தது அந்தப் பெண்ணின் கேள்விதான். என் உடல், என் சம்மதம், இரண்டு பேருக்கு நன்மை என்று அவர் சொன்னதை லேசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. மருத்துவ ஆபத்தை மிகைப்படுத்திப் பயமுறுத்துவதும் நேர்மையாகாது. நன்றாகப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த கொடையாளர்களில் அறுவையால் இறப்பவர் ஏறக்குறைய 10,000-க்கு 3 பேர். ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் பார்த்துவந்தால் பெரும்பாலானோர் நலமாகவே வாழ்கிறார்கள். ஆனால் விற்றவரை யார் பின்தொடர்ந்து பார்க்கிறார்கள்? சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து எழுதிய ஆய்வு 2002-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். அப்படி விற்றவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்குப் பின்னரும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடல்நிலை மோசமானது என்று 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதாவது, கடன் தீரும் என்ற அந்த நம்பிக்கையே பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. தறிக்காரிக்கு இதன் காரணம் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று ஓட்டும் வேலைக்கு உடம்புதான் முதல்.

சம்மதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமைத் தவணைக்குப் பயந்து, வேறு கதவு எதுவும் திறக்காத நிலையில் கொடுக்கும் சம்மதத்தைத் தானத்துக்குரிய சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது உயிரையே அடகு வாங்குவதாகும் என்று விவிலியத்தின் இணைச்சட்ட நூல் 24:6 சொல்கிறது. கடன்பட்டவரின் பிழைப்புக் கருவியைத் தொடுவதற்கே அங்கே தடை இருக்கிறது. இங்கே கைவைக்கப் பார்த்தது கடன்பட்டவரின் உடலில். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு, 27-ஆம் பத்தியில், மனித மாட்சிமைக்கு எதிரான குற்றங்களை அடுக்கும்போது, தொழிலாளரை வெறும் ஆதாயக் கருவியாக நடத்துவதையும் அதே வரிசையில் வைக்கிறது. ஆகவே சிறுநீரகத்தை மட்டும் பார்த்து முன்பணத்தைப் பார்க்காமல் இருப்பது பாதிப் பார்வை என்று கூட்டத்தில் சொன்னேன்.

## எடுத்த முடிவுகள்

டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று பங்குத்தந்தை நோயாளியின் வீட்டுக்கு நேரில் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆள் மூலம் சொல்லி அனுப்பவில்லை. மறுப்பு நம் மனசாட்சியின் கடமை, அதன் வலியைச் சுமப்பது அவர்கள், ஆகவே முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அதே உட்காரலில், முறையான வழிகள் அனைத்தையும் தேடிப் பார்க்கப் பங்கு துணை நிற்கும் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்தப் பெண்ணின் விவகாரத்தில் எடுத்த முடிவு, விற்காதே என்று சொல்லிவிட்டு வீடு திரும்பக்கூடாது என்பது. கடனைப் பங்கு கையில் எடுத்துக்கொண்டது.

காவல்துறைக்குப் போவதா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. புகார் கொடுத்தால் முதலில் சிக்குபவர் அந்தப் பெண்தான். தரகர் நடமாட்டம் குறித்து, விற்கவிருந்தவர் யார் என்று காட்டாமல், மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிப்பது என்று முடிவானது. இது போதாது என்று வாதிட்டவர்களை நான் தவறு சொல்லமாட்டேன்.

## அதன் பின்

நோயாளியின் மனைவி நான்கு மாதம் எங்கள் கோவிலுக்கு வரவில்லை. ஆற்றைக் கடந்து ஈரோட்டில் பூசை பார்த்தார். அன்பியத்துப் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பெண்கள் டயாலிசிஸ் நாட்களில் முறைபோட்டு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதலில் பாத்திரத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. டயாலிசிஸ் செலவு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏறியது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவதற்கான மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் மருத்துவமனை வழியாகப் பெயர் பதிவானது.

2024 ஏப்ரலில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் போனபோதுதான் பரிமாற்ற தானம் பற்றி அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது. மனைவி கொடுக்கத் தயார், ரத்தப்பிரிவு பொருந்தவில்லை. இதேபோல் பொருந்தாத இன்னொரு தம்பதி எதிர்ப் பிரிவில் இருந்தால், இவர் மனைவி அவருக்கும் அவர் மனைவி இவருக்கும் கொடுக்கலாம். 2011 திருத்தம் இதற்கு இடம் தந்திருக்கிறது; அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும், கொடுப்பவர் ஒவ்வொருவரும் தத்தம் நோயாளியின் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். ஏ, பி பிரிவுகளுக்கு இடையே இப்படி ஜோடி அமைவது ஓரளவு எளிது. “என்னோடதக் குடுக்கலாம்னு முன்னமே ஒருத்தரும் சொல்லலீங்களே” என்று அந்த அம்மா அழுதார். அன்று முதல் மறுபடி எங்கள் கோவிலுக்கு வந்தார்.

ஆகஸ்டில் வேறு மாவட்டத்திலிருந்து ஒரு ஜோடி கிடைத்தது. பரிசோதனைகள் ஓடி முடியும் தறுவாயில் அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்து நின்றுபோனது. அவரைக் கட்டாயப்படுத்தியிருந்தால் இன்னோர் அநியாயம் நடந்திருக்கும்.

கடன் விவகாரத்தில் வழக்கறிஞர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தார். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி உண்டு. முன்பணத்தைக் காட்டி வேறு பட்டறைக்குப் போகவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும் என்று நோட்டீஸ் போனதும், பட்டறை முதலாளி பேச வந்தார். அவரும் நூல் வியாபாரியிடம் கடன்பட்டவர்தான். முன்பணம் ரத்து என்று எழுதிக் கொடுத்தார். கந்துவட்டிக்காரரிடம் 2003-ஆம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டத்தைச் சொன்ன பிறகு, கட்டிய வட்டியைக் கழித்து 35,000-இல் முடிந்தது. அந்தத் தொகையை வின்சென்ட் தே பவுல் சபை வட்டியில்லாமல் கொடுத்தது. குழுக் கடன்கள் மூன்றில் ஒன்று முடிந்தது, இரண்டு ஓடுகின்றன. முன்பணம் வாங்காமல் வேறு பட்டறையில் ஓட்டுகிறார். திங்கட்கிழமை இன்னும் அவருக்குக் கஷ்டமான நாள்தான்.

அதே லைன் வீட்டில் வேறொரு பெண் 2024 தொடக்கத்தில் விற்றுவிட்டார் என்பது பிறகு தெரியவந்தது. பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்ததாம். யாரும் அவரைக் குற்றவாளிபோலப் பார்க்கக் கூடாது என்று பங்குத்தந்தை சொன்னார். மாதம் ஒருமுறை அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறேன். வலிமாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. மிச்சமிருக்கும் ஒரு சிறுநீரகத்தை அவை கெடுக்கும் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறோம்.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனை மாநிலம் முழுக்கச் செய்தியானது. தரகர் எங்கள் தெருவிலிருந்து காணாமல் போனார்.

## மாற்றிக்கொண்டவை

உறுப்பு மாற்றுக்காக உறவுச் சான்றோ நட்புச் சான்றோ பங்கு தருவதில்லை என்று பேரவை தீர்மானம் எழுதி வைத்திருக்கிறது. கேட்டு வருபவரிடம் தீர்மானத்தைக் காட்டி அனுப்பிவிடுவதற்கு அனுமதி இல்லை. கேட்பவரையும் கொடுப்பவரையும் தனித்தனியாகச் சந்தித்தாக வேண்டும். கொடுப்பவரிடம் முதல் கேள்வி கடனைப் பற்றியது.

நோயாளிகள் பக்கம் மாற்றம் இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. பங்கில் யாருக்காவது டயாலிசிஸ் ஆரம்பித்தது என்று அன்பியத்தில் தெரிந்தால், அந்த மாதத்திலேயே நலவாழ்வுக் குழு அந்த வீட்டுக்குப் போகிறது. குடும்பத்தார் அனைவரின் ரத்தப்பிரிவு, பரிமாற்ற தானம், காத்திருப்புப் பட்டியல், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் தரகர் பேசுவதற்கு முன் நாங்கள் பேசிவிட வேண்டும். 2024 ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட மனித மாட்சிமை குறித்த அறிவிக்கை, மனித வணிகத்தைக் கண்டிக்கும் பகுதியில் உறுப்பு வணிகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தப் பகுதியை வைத்துத் தவக்காலத்தில் ஒவ்வோர் அன்பியத்திலும் வகுப்பு எடுத்தோம். இறந்தபின் உறுப்பு தானம் செய்வதாகப் பங்கில் கணிசமானோர் எழுதிக் கொடுத்தார்கள். பங்குத்தந்தை முதலில் எழுதினார்.

சபையின் கடன் நிதி சிறியது. இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்தாலே தீர்ந்துவிடும். திருவிழா வாணவேடிக்கைச் செலவைக் குறைத்து அதில் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். பேரவை இன்னும் முடிவு சொல்லவில்லை.

இதை எழுதும்போது நோயாளி டயாலிசிஸில்தான் இருக்கிறார். பரிமாற்றத்துக்கு இரண்டாவது ஜோடி ஒன்று கிடைத்து, திசுப் பொருத்தம் பார்க்க ரத்த மாதிரி அனுப்பியிருக்கிறார்கள்.